செல்போனுக்கு இருப்பிடச் சான்று

பொதுமக்கள் அலுவலகங்களுக்கு வீணாக அலைவதைத் தவிர்க்கும் பொருட்டும், அலுவலர்கள் பொதுமக்களின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கும் பொருட்டும், இனி ஜல்லிக்கட்டுக் காளைகளுக்கான டோக்கன் இணையதளம் வழியாக மட்டுமே வழங்கப்படும் என்று காளை வரவு நெறிப்படுத்தல் பிரிவு அறிவித்தது. அப்படி ஒரு பிரிவு இருப்பதே அறிவிப்பு வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காளைகளுக்கு இன்றுவரை தெரியாது.

அறிவிப்பைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் இருந்தபடியே, விரல் நுனியில், வெளிப்படைத்தன்மையுடன் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி. கீழே சின்ன எழுத்தில், இந்த வசதி மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி. அதுவும் நியாயம்தானே, வெளியூர்க்காரனுக்கு நம்ம வாடிவாசலில் என்ன வேலை என்று சொல்லி நாங்களும் தலையாட்டினோம்.

ஆவூர்ப் பக்கம், பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் வருவது எங்கள் ஊர் சூசையூரணி. ஊரில் மரிய செல்வி என்று ஓர் அக்கா. கணவர் அருள்தாஸ் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கிறார். வீட்டில் மாமனார் ஆரோக்கியமுத்து, செல்வியக்கா, அப்புறம் ஒரு காளை. காளையின் பெயர் மேஸ்திரி. மற்ற மாடுகளெல்லாம் குனிந்து மேயும்போது இது மட்டும் வரப்பில் நிமிர்ந்து நின்று, யார் யார் ஒழுங்காக மேய்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனால் வந்த பெயர். கன்றாக இருந்த காலத்திலிருந்து செல்வியக்காவின் கையால் தின்று வளர்ந்தது.

போன வருசம் ஏதோ ஒரு காகிதம் இல்லையென்று மேஸ்திரியை வாடிவாசல் வரைக்கும் வந்த பிறகு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து ஆரோக்கியமுத்து மாமாவுக்கு மேஸ்திரியைக் கண்டால் ஆகாது.

"இந்தா ஆத்தா, சொல்லிப்புட்டேன். வாசல்ல எறங்காத மாட்டுக்குத் தவிடு எதுக்கு? இந்த வருசமும் டோக்கன் இல்லைன்னா சனிக்கிழமை காலையில ராக்கனை வரச்சொல்லி ஏத்தி விட்டுருவேன்."

ராக்கன் மாட்டு வியாபாரி. அவன் வண்டியில் மாடு ஏறுவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எந்த ஊரிலும் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை.

செல்வியக்கா மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து, மாதாவை வேண்டிக்கொண்டு, செல்போனில் இணையதளத்தைத் திறந்தார். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. அதில் இப்படி இருந்தது: "அணுகல் மறுக்கப்பட்டது. இப்பக்கத்தைக் காணத் தங்களுக்கு அனுமதி இல்லை." அதற்குக் கீழே ரயில் வண்டி மாதிரி நீளமாக ஒரு குறிப்பு எண். அது பிரிவுக்கு மட்டும் புரியும் எண் என்று நாங்கள் அப்போது நினைத்திருந்தோம். பிரிவுக்கும் புரியாது என்பது பின்னால்தான் தெரிந்தது.

செல்வியக்கா திரையை மேஸ்திரிக்குக் காட்டினார். அது மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் நெட் சென்டர் வைத்திருக்கிறான் பிரவீன்குமார். ஜெராக்ஸ், ரீசார்ஜ், ரயில் டிக்கெட், பரீட்சை முடிவு, எல்லாம் அவனிடம்தான். செல்வியக்கா அங்கே போய் நின்றார்.

"தம்பி, நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலக்கா. இது எல்லாருக்கும் வர்றதுதான். மனசுல வச்சுக்காதீங்க."

"யாரு மறுத்தது? பேரே போடலையே."

"யாரும் மறுக்கலக்கா. அதுவா மறுக்குது."

"அதுவா மறுத்தா நான் யார்கிட்டப் போய்க் கேக்குறது?"

"யார்கிட்டயும் கேக்கக் கூடாதுன்னுதானேக்கா அதுவா மறுக்க வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு பிரவீன்குமார் வேலையில் இறங்கினான். முதலில் பக்கத்தை மறுபடி திறந்தான். மறுத்தது. செல்போன் சேர்த்து வைத்திருந்த பழசையெல்லாம் துடைத்தான். சுத்தமாக மறுத்தது. அணைத்துப் போட்டான், வேறு பிரவுசரில் போனான், விமானத்தில் போகிற மாதிரி வைத்து எடுத்தான், தேதியும் நேரமும் சரியா என்று பார்த்தான். கடைசியில் பக்கத்தின் அடியில் 'சிக்கல்களுக்குத் தீர்வு காண இங்கே அழுத்தவும்' என்று இருந்ததைக் கண்டுபிடித்து, முகம் மலர்ந்து அழுத்தினான். அணுகல் மறுக்கப்பட்டது.

பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, செல்போன் எந்த ஊரில் இருப்பதாக இணையத்துக்குத் தெரிகிறது என்று சோதித்தான்.

"அக்கா, இது மும்பையில இருக்கு."

"எது?"

"ஒங்க செல்போனு."

"இந்தா ஒங் கையிலதானப்பா இருக்கு!"

"கையில இருக்குக்கா. ஆனா சிக்னலு நம்ம டவர்ல ஏறி, அங்கிட்டு எங்கெங்கியோ சுத்தி, மும்பையில போயித்தான் வெளிய வருது. வெப்சைட்டுக்காரன் பார்வைக்கு நீங்க மும்பைக்காரவுக. மாவட்டத்துக்கு வெளியன்னா விட மாட்டான்."

செல்வியக்கா கீரனூரைத் தாண்டியே ரொம்ப நாளாகிறது. "அப்ப மேஸ்திரி?" என்றார்.

"மேஸ்திரியும் மும்பைதான்க்கா."

இந்தச் செய்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் ஊரில் ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டில் எது நகராமல் நின்றாலும் தலைக்கட்டுக்கு ஒரு கை வர வேண்டும். சப்பரம் சேற்றில் மாட்டினாலும் சரி, நெல் லாரி வாய்க்காலில் இறங்கினாலும் சரி, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தோள் கொடுத்து, ஒரே மூச்சில் தள்ளுவோம். இப்படித் தள்ளி நகராத பொருள் ஊரில் கிடையாது. ஆகவே விழாக் கமிட்டித் தலைவர் செபமாலை ஒரு முடிவுக்கு வந்தார்: தலைக்கட்டுக்கு ஒரு செல்போன்.

"கோயில் மணி அடிச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல அமுக்கணும். விட்டு விட்டு அமுக்குனா வேலைக்கு ஆகாது. விடாம அமுக்கணும். கதவு தன்னால தெறிச்சுக்கும்."

"சித்தப்பா, இது சப்பரம் இல்லை. இப்படிச் செஞ்சா…" என்று பிரவீன்குமார் இழுத்தான்.

"எல்லாம் நகராத சாமான்தானடா. நீ ஒரு ஓரமா நின்னு அமுக்கு."

மணி அடித்தது. ஊரே கோயில் முன்னால் கூடி நின்று அமுக்கியது. செபமாலை "ஐலசா" சொல்ல, எல்லாரும் "ஏலசா" சொல்லி அமுக்கினார்கள். பார்க்கவே பக்தியாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரைகளிலும் புதிதாக ஒரு வாசகம் வந்தது: "தங்கள் பகுதியிலிருந்து வழக்கத்துக்கு மாறான தாக்குதல் கண்டறியப்பட்டுள்ளது. பாதுகாப்புக் கருதித் தங்கள் பகுதி முழுவதற்கும் அணுகல் மறுக்கப்படுகிறது."

"பாத்தியா?" என்றார் செபமாலை. "அசைஞ்சிருச்சு!"

அசைந்ததில் அடிபட்டவர் கிராம நிர்வாக அலுவலர் குழந்தைசாமி. அவர் அப்போது பிரவீன்குமார் கடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய வருகைப் பதிவும் அதே இணையதளத்தில்தான். மறுநாள் காலையில் வந்து திறந்தார், மறுத்துவிட்டது. அரசாங்கத்தின் பார்வையில் அன்று முதல் எங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் பணியில் இல்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர் யார் என்பதற்கு ஆவணம் எதுவும் கிடையாது.

வியாழக்கிழமை செல்வியக்காவும் பிரவீன்குமாரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். திருக்கோகர்ணத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, காளை வரவு நெறிப்படுத்தல் பிரிவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். வாசலில் பலகை: 'பொதுமக்கள் நேரில் வரத் தேவையில்லை. வந்தவர்கள் வரிசையில் நிற்கவும்.' வரிசை நீளமாக இருந்தது.

கண்காணிப்பாளர் புவனேஸ்வரி மேடம் மிகவும் மரியாதையானவர். உட்காரச் சொன்னார். நாற்காலி இல்லை, அது வேறு விஷயம்.

"இணையதளம் தொறக்க மாட்டேங்குதுங்க மேடம்."

"அதற்கு இணையதளத்திலேயே புகார் செய்யலாமே அம்மா."

"அதான் தொறக்க மாட்டேங்குதுங்களே."

"திறந்தால் உங்களுக்குப் புகாரே இருக்காதே. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்."

செல்வியக்கா யோசித்துப் பார்த்தார். மேடம் சொன்னதில் ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை.

"மேடம், ஒங்க கம்ப்யூட்டர்லயாவது ஒருவாட்டித் தொறந்து காட்டுங்களேன்" என்றான் பிரவீன்குமார்.

"எங்களுக்குப் போன வாரமே மறுத்துவிட்டது" என்றார் மேடம் அமைதியாக. "நாங்கள் அதை மதிக்கிறோம்."

"நாங்க மும்பையில இருக்கோம்னு வெப்சைட்டு நெனைக்குதாம். எங்க மாடு சூசையூரணியிலதான் மேடம் இருக்கு. நானும் அங்கதான் இருக்கேன். ரேஷன் கார்டு, ஆதாரு எல்லாம் கொண்டாந்திருக்கேன்."

மேடம் அவற்றைக் கையால் தொடவில்லை. "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது பிரச்சினை இல்லை அம்மா. காளை எங்கே இருக்கிறது என்பதும் இல்லை. இணையதளத்துக்குள் வர முயன்றது நீங்களா, காளையா?"

"செல்போனு."

"ஆங்! செல்போன். அது மும்பையில் இருக்கிறது. மும்பை செல்போனுக்கு இந்த மாவட்டத்து வாடிவாசலில் என்ன பாத்தியதை?"

"மும்பையில இல்லைங்க மேடம், இந்தா, இங்கன இருக்கு!" செல்வியக்கா செல்போனை மேசைமேல் வைத்தார்.

"அது உங்கள் வாய்மொழி. செல்போன் இந்த மாவட்டத்தில்தான் வசிக்கிறது என்பதற்கு இருப்பிடச் சான்று வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கி நாளைக்குள் கொடுங்கள். மேலிடத்துக்கு அனுப்பி வைக்கிறோம். மேலிடம் டோக்கனை மெயிலில் அனுப்பும்."

"செல்போனுக்கா மேடம்?" என்றான் பிரவீன்குமார்.

"இதுவரை யாரும் கேட்டதில்லை என்பதால் கொடுக்கக் கூடாது என்று விதி இல்லையே தம்பி."

வரிசையில் பின்னால் நின்றவர் ஒருவர், சிரிக்காமல், தன் செல்போனுக்கும் அது பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும் என்றார் மேடம். எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் குழந்தைசாமி சார் ஸ்தல விசாரணைக்கு வந்தார். கடமையில் கண்ணான மனிதர். அதோடு தன்னுடைய செல்போனுக்கும் ஒரு சான்று தேவைப்பட்டதால் முறையைப் பழகிக்கொள்ள ஆர்வமாகவும் இருந்தார். செல்போனைக் கட்டிலில் துண்டு விரித்து வைத்தார்கள். அக்கம்பக்கத்து சாட்சியாகச் செபமாலை முன்னுக்கு வந்தார்.

"இந்தச் செல்போனை உங்களுக்கு எவ்வளவு காலமாகத் தெரியும்?"

"வந்ததுலேருந்து தெரியும் சார். நல்ல செல்போனு. எந்த வம்புதும்புக்கும் போகாது."

"இரவில் எங்கே தங்கும்?"

"சார்ஜர்லதான் சார். வெளிய தங்குற பழக்கமே கெடையாது."

"வெளியூர்ப் போக்குவரத்து உண்டா?"

"சிக்னலுக்காக மொட்டைமாடிக்குப் போகும் சார். வேலை முடிஞ்சதும் வந்துரும்."

"அது தற்காலிக முகவரி" என்று சொல்லி எழுதிக்கொண்டார் குழந்தைசாமி. "குடும்பத் தலைவர் மரிய செல்வி. செல்போனுக்கும் தலைவருக்கும் என்ன உறவு?"

"வளர்ப்புன்னு போட்டுக்கங்க சார்" என்றார் செல்வியக்கா.

"பிறந்த இடம்?"

பிரவீன்குமார் உறையைக் கழற்றிப் பின்பக்கம் படித்தான். "சீனா சார்."

குழந்தைசாமி சார் பேனாவை மூடிவிட்டார். "வெளிநாட்டவரா? அப்படியென்றால் என் அதிகாரத்துக்குள் வராதே!"

செல்வியக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொட்டகையில் மேஸ்திரி சாணி அள்ளுகிறவர்களை மேற்பார்வை பார்த்துக்கொண்டு நின்றது. ஆரோக்கியமுத்து மாமா வாசலில் உட்கார்ந்து, ராக்கனுக்கு வழி சொல்வதற்காக யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், பாகந்தான் சீனா" என்றான் பிரவீன்குமார் அவசரமாக. "எல்லாத்தையும் சேத்து, உசுரு குடுத்தது சென்னைப் பக்கம் சார்."

"அப்படி விவரமாகச் சொல்லுங்கள்!" பேனா மறுபடி திறந்தது.

அடுத்தது புகைப்படம். செல்போனைப் படம் எடுக்க இன்னொரு செல்போன் வேண்டும். அந்த இன்னொரு செல்போனுக்கு இருப்பிடச் சான்று இல்லை. சான்று இல்லாத செல்போன் எடுத்த படத்தைச் சான்றில் ஒட்ட முடியாது. அந்தச் செல்போனுக்குச் சான்று எழுதலாம் என்றால் அதைப் படம் எடுக்க மூன்றாவது ஒரு செல்போன் தேவைப்படும். குழந்தைசாமி சார் இதை விரலை மடக்கி மடக்கி விளக்கினார். கடைசியில் செல்வியக்காவே முகம் பார்க்கிற கண்ணாடியைக் கொண்டுவந்து நிறுத்தினார். செல்போன் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டது. கொஞ்சம் சாய்ந்திருந்தாலும் அடையாளம் தெரிந்தது.

கையெழுத்துப் போடும் நேரத்தில் குழந்தைசாமி சாருக்கு இன்னொரு தர்மசங்கடம். "எனக்குத்தான் வருகைப் பதிவு ஆகவில்லையே. சட்டப்படி நான் இன்று பணியில் இல்லை. பணியில் இல்லாதவன் சான்று கொடுக்க முடியாது."

"அப்ப நேத்துத் தேதி போடுங்க சார்."

"நேற்றும் இல்லை."

"கடைசியா எப்ப சார் இருந்தீங்க?"

கொஞ்சம் யோசித்து, தான் கடைசியாக இருந்த தேதியைப் போட்டுக் கொடுத்தார். ஊர் கூடி அமுக்குவதற்கு முந்தைய தேதி அது. அதாவது பிரச்சினை பெரிதாவதற்கு முன்பே சான்று வழங்கப்பட்டுவிட்டது. அரசாங்கம் இவ்வளவு விரைவாகச் செயல்பட்டதைப் பிற்பாடு ஒரு கூட்டத்தில் பாராட்டிப் பேசினார்கள்.

பிரவீன்குமார் சான்றை எடுத்துக்கொண்டு பைக்கில் பறந்தான். மேடம் வாங்கி, சரிபார்த்து, மேலிடத்துக்கு அனுப்பினார். ஐந்து மணி அடிக்கப் போகும் நேரத்தில் மெயில் வந்தது. செல்வியக்கா வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "படிப்பா, படிப்பா" என்றார். அவன் புதுக்கோட்டையிலிருந்து போனிலேயே படித்துக் காட்டினான்.

"அனுமதி வழங்கப்பட்டது. பங்கேற்பாளர்: செல்போன், கறுப்பு நிறம். இருப்பிடம்: சூசையூரணி. வளர்ப்பவர்: மரிய செல்வி…"

"மேஸ்திரி எங்கப்பா?"

"இருக்குக்கா, கீழ இருக்கு. உடன் வருபவர்: காளை, ஒன்று."

மாற்றித் தரச் சொல்லி மேடத்தைக் கேட்டதற்கு, திருத்தங்கள் இணையதளம் வழியாக மட்டுமே ஏற்கப்படும் என்று சொல்லி வணக்கம் வைத்தார்.

ஆரோக்கியமுத்து மாமா டோக்கனைத் தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "செல்போனுக்கு டோக்கனு. மாட்டுக்கு இல்லை. சரி, திருவிழா வரைக்கும் பாப்போம். வாசல்ல திருப்பி அனுப்பட்டும், அங்கனயே ராக்கன் வண்டி நிக்கும்."

அப்படியே நின்றது. அந்தோணியார் கோயில் திருவிழாவன்று மைதானத்துக்கு வெளியே, பின்கதவைத் திறந்து போட்டு, ராக்கன் அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

வாடிவாசலில் கால்நடை மருத்துவர் டோக்கனைப் படித்தார். மேஸ்திரியைத் தொடவில்லை. செல்போனை வாங்கித் தொட்டுப் பார்த்து, "லேசாக் காய்ச்சல் அடிக்கிது" என்றார். "ரொம்ப நேரமாப் படம் பாத்துச்சுங்க டாக்டர்" என்றார் செல்வியக்கா. ஓய்வு கொடுக்கச் சொல்லித் தகுதிச் சான்று எழுதிக் கொடுத்தார். போதை எதுவும் ஏற்றப்படவில்லை என்றும் சான்றளித்தார்.

அடுத்து ஒரு சந்தேகம் வந்தது. பங்கேற்பாளர் செல்போன். அதை வாசலில் எப்படி அவிழ்த்து விடுவது? அதற்குக் கால் இல்லையே. மேற்பார்வைக்கு வந்திருந்த புவனேஸ்வரி மேடம் விதிகளைப் புரட்டினார். பங்கேற்பாளர் நடக்க இயலாத நிலையில் இருந்தால் உடன் வருபவர் தூக்கி வரலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. செல்போனை ஒரு மஞ்சத் துணியில் முடிந்து மேஸ்திரியின் கொம்பில் கட்டினார்கள். மேஸ்திரி அதை ஆட்சேபிக்கவில்லை. கமிட்டி ஆட்கள் சரியாகக் கட்டுகிறார்களா என்று மட்டும் பார்த்தது.

மைக்கைப் பிடித்தார் செபமாலை.

"அடுத்து வர்றது சூசையூரணி மரிய செல்வி வளர்ப்பு, கறுப்புச் செல்போனு! நல்ல செல்போனு! துணைக்கு மேஸ்திரி வருது! தம்பிகளா, வீரர்களா, நல்லாக் கேட்டுக்க! பங்கேற்பாளரைத்தான் பிடிக்கணும்! துணைக்கு வர்றவுகளைத் தொட்டா ஆட்டத்தைவிட்டு வெளியேத்திருவோம்னு மேடம் சொல்லிட்டாங்க! பாத்துப் பதனமா!"

திமிலைத் தொடக் கூடாது. வாலைத் தொடக் கூடாது. கொம்பைத் தொடாமல் கொம்பில் இருக்கும் மஞ்சத் துணியைத் தொட வேண்டும். மாடுபிடி வீரர்கள் ஒவ்வொருவராக வேலிக் கம்பியில் ஏறிக்கொண்டார்கள். மேஸ்திரி வெளியே வந்து, நடுக்களத்தில் நின்று, நிமிர்ந்து, எல்லாரும் அவரவர் வேலையைச் செய்கிறார்களா என்று பார்த்தது.

அந்த நேரத்தில் அருள்தாஸ் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில் கூப்பிட்டார்.

கொம்புக்கு மேலே மாதா பாட்டு அலறியதும் மேஸ்திரி வானத்துக்கு எம்பியது. எம்பிய எம்பில் எங்கேயோ உரசி, துணி விலகி, போன் தானாக எடுத்துக்கொண்டது. அருள்தாஸ் அண்ணன் அங்கே கண்டதை அவரே பின்னால் சொன்னார்: வானம், வேட்டி, வானம், மண்ணு, யாரோ ஒருத்தரோட செருப்பு, மறுபடியும் வானம். "செல்வி, செல்வி, வீட்டுல என்ன சண்டை?" என்று அவர் கத்தக் கத்த, தலைக்கு மேலே யாரோ அதட்டுகிறார்கள் என்று மேஸ்திரி இன்னும் துள்ளியது. கம்பியேறியவர்கள் கம்பியிலேயே இருந்தார்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, அவ்வளவுதான். களம் காலி.

"செல்போனு வெற்றி!" என்று முழங்கினார் செபமாலை. "யாருமே கிட்ட நெருங்கல! செல்போனுக்கு ஒரு அண்டா!"

அண்டாவும் பாராட்டுச் சான்றும் செல்போன் பெயரில் வழங்கப்பட்டன. மேடமும் குழந்தைசாமி சாரும் செல்போனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரி படத்தில் வராமல் இருக்க அதைக் கொஞ்சம் அங்கிட்டு ஓட்டினார்கள்.

ஓட்டிய இடத்தில் ஆரோக்கியமுத்து மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மாமா பண்றீங்க?"

"மைக்குல என்ன சொன்னான்? செல்போனு வெற்றின்னான். மாடு வெற்றின்னு சொன்னானா? அண்டாவுல யாரு பேரு இருக்கு? கணக்குப்படி ஒம் மாடு இந்த வருசமும் எறங்கல. ராக்கா, பலகையச் சாத்துடா."

ராக்கன் பலகையைச் சாய்த்து வைத்தான். மேஸ்திரி அதில் ஒரு காலை எடுத்து வைத்து, பலகை உறுதியாக இருக்கிறதா என்று பார்த்தது.

செல்வியக்கா அழப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, புவனேஸ்வரி மேடம் மாதிரியே அமைதியாகப் பேசினார்.

"கூட்டிட்டுப் போங்க மாமா. நான் தடுக்கல. ஆனா இது இப்ப சும்மா மாடு இல்லை. அரசாங்க டோக்கன்படி செல்போனோட உடன் வருபவர். துணையாளை வித்துட்டா செல்போனு எப்படிப் போகும் வரும்? அதுகிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வித்துருங்க."

"செல்போன்கிட்டயா? எப்படி ஆத்தா வாங்குறது?"

"வெப்சைட்டுல விண்ணப்பிக்கணும் மாமா. விரல் நுனியிலதான். ரொம்பச் சுலபம்."

மாமா திரும்பி மேடத்தைப் பார்த்தார். மேடத்தின் கண்களில் அப்படி ஒரு பூரிப்பு. தன் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு பொதுஜனம் நடைமுறையைச் சரியாகச் சொல்லக் கேட்கிறார். "அந்த அம்மா சொல்வதுதான் முறை" என்றார்.

மாமா தன் செல்போனை எடுத்தார். திறந்தார். அணுகல் மறுக்கப்பட்டது. ராக்கனின் செல்போனை வாங்கித் திறந்தார். அணுகல் மறுக்கப்பட்டது. ராக்கன் கொஞ்ச நேரம் காத்திருந்தான். அப்புறம், "பெரியப்பா, எனக்கு நாலு ஊரு போகணும்" என்று சொல்லிப் பலகையை எடுத்துப் போட்டுக்கொண்டு, வண்டியைக் கிளப்பினான்.

மேஸ்திரி இப்போதும் வரப்பில் நிமிர்ந்து நிற்கிறது. மாமா இன்னும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் செல்வியக்கா சொன்ன பதிலை ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அது ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வாரமே, கடப்பாரை இரவல் கேட்டு வந்தவரிடம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் செபமாலை. கல்யாணத்துக்குப் பெண் கேட்டு வந்தவர்களைப் பெண்வீட்டார் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். மாமியார்கள் மருமகள்களிடம் குறிப்பு எண் கேட்கிறார்கள். போன மாதம் நெல் லாரி ஒன்று வாய்க்காலில் இறங்கிவிட்டது. தலைக்கட்டுக்கு ஒரு கை வரவில்லை. தலைக்கட்டுக்கு ஒரு கேள்வி வந்தது: இது எங்கள் எல்லைக்குள் வருமா? அரசாங்கத்தைக் குறை சொல்கிறவர் ஒருவர்கூட இப்போது எங்கள் ஊரில் இல்லை. நேரம் கிடைப்பதில்லை.

நேற்று மத்தியானம் நல்ல வெயில். பிரவீன்குமார் கரண்ட் இல்லாமல் கடையைச் சாத்திவிட்டு வந்தவன், செல்வியக்கா வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, ஒரு செம்பு மோரு குடுங்கக்கா."

செல்வியக்கா செல்போனிலிருந்து தலையை எடுக்கவில்லை. "எதுக்கு?"

"தாகமா இருக்குக்கா."

"தாகம்னு நீயாச் சொல்றியா, யாரும் பாத்துச் சொன்னாங்களா?"

பிரவீன்குமாருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் வெயிலில் நின்றபடியே தன் செல்போனை வெளியே எடுத்து, துடைத்து, பணிவாகக் கேட்டான்:

"எந்த வெப்சைட்டுக்கா?"